தலைக்கு மேல் ஓர் அடுப்பு: கண்ணாடி அறையும் செட்டிநாட்டு வளவும்

இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம், தோட்டத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொள்வது வழக்கம். கன்சர்வேட்டரி என்று அதற்குப் பெயர். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. உள்ளே நாலு பூந்தொட்டி, இரண்டு நாற்காலி. வெயில் காய்வதற்கென்றே கட்டிய அறை. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் உள்ளே உட்கார முடியாது, விறைத்துவிடும். கோடையில் அதே அறை வேக வைத்துவிடும். வருடம் முழுக்கப் பயன்படுத்த வேண்டும் என்று இப்போது அங்கே பலர் சுவரிலோ கூரையிலோ இன்ஃப்ராரெட் பேனல்களை மாட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு ஒரு வெள்ளைப் பலகை. கரண்ட் கொடுத்தால் சூடாகி, கீழே இருப்பவர் மீது வெயிலைப் போல வெப்பத்தை வீசும்.

இதற்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்கள் ஒவ்வொரு கோடை இரவிலும் அப்படிப்பட்ட ஒரு பேனலுக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகின்றன. யாரும் அதைக் கடையில் வாங்கி மாட்டவில்லை. அதற்கு ஸ்விட்ச் கிடையாது, அணைக்கவும் முடியாது. கான்கிரீட் தளம் என்பதுதான் அதன் பெயர்.

இதே மாவட்டத்தில், திருமயம், பொன்னமராவதி பக்கம், இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்ட வீடுகள் நூறு வருடங்களுக்கு முன்பே கட்டப்பட்டிருக்கின்றன. அந்த அறிவு எப்படி வந்தது, எப்படிக் கைவிட்டுப் போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிலக்கரியில் ஓடிய வசந்தம்

முதலில் கண்ணாடி வீட்டின் கதை. ஐரோப்பாவின் பணக்காரர்களுக்கு வெப்ப நாட்டுச் செடிகள் மேல் பெரிய மோகம் இருந்தது. ஆரஞ்சு, வாழை, பனை, ஆர்க்கிட் எல்லாம் அந்தக் குளிரில் செத்துப்போகும். அதனால் செடிகளுக்கு வீடு கட்டினார்கள்.

இந்த வீடுகளில் மிகப் பெரியது இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் இருந்தது. தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் 1836-ல் அதைக் கட்டத் தொடங்கினார். நீளம் 277 அடி, அகலம் 123 அடி, உயரம் 67 அடி. "கிரேட் ஸ்டவ்", அதாவது பெரிய அடுப்பு என்றே அதைச் சொன்னார்கள். பெயருக்கு ஏற்றபடி பூமிக்கு அடியில் எட்டு பாய்லர்கள் எரிந்தன. சூடான தண்ணீர் ஓடுவதற்கு ஏழு மைல் நீளத்துக்கு இரும்புக் குழாய். நிலக்கரி கொண்டு வருவதற்குச் சுரங்கத்தில் தனித் தண்டவாளம். 1843-ல் விக்டோரியா மகாராணி வந்தபோது குதிரை வண்டியோடு உள்ளேயே ஊர்வலம் போனார் என்றால் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1845-ல் பிரிட்டிஷ் அரசு கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி விலை இறங்கியது. 1848-ல் கியூ தோட்டத்தின் பனை மாளிகை கட்டி முடிந்தது. 1851-ல் அதே பாக்ஸ்டன் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையை எழுப்பினார். பிறகு நடுத்தர வர்க்கத்து வீடுகளிலும் சின்னச் சின்ன கண்ணாடி அறைகள் முளைத்தன.

பெரிய அடுப்பின் முடிவு என்ன? முதல் உலகப்போர் வந்தது. நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. பாய்லர்கள் அணைந்தன. செடிகள் குளிரில் செத்தன. போர் முடிந்த பிறகு 1920-ல் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

வணிகம் படிப்பவர்கள் இதில் ஒரு பாடத்தைக் கவனிக்கலாம். அந்தக் கட்டடம் கட்டி முடித்ததோடு செலவு முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. தீனி நின்ற அன்று கட்டடமும் செத்தது. மூலதனச் செலவு ஒரு பக்கம், நடப்புச் செலவு ஒரு பக்கம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இது வரும்.

சிவப்புக்கு அப்பால்

இன்ஃப்ராரெட் என்ற சமாச்சாரத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தை 1781-ல் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1800-ல் அவர் சூரிய ஒளியை ஒரு பட்டகத்தின் வழியாகச் செலுத்தி, வானவில் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்து எந்த நிறம் அதிகம் சுடுகிறது என்று அளந்தார். சிவப்பு நிறத்துக்கு வெளியே, ஒளியே விழாத இடத்தில் இருந்த தெர்மாமீட்டர்தான் அதிகமாக ஏறியது! கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தமிழில் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

1879-ல் ஜோசப் ஸ்டெஃபான் இதற்கு ஒரு கணக்கு சொன்னார். எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். சுவர், தரை, கல், மனித உடம்பு எல்லாமே. வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் கதிர் வேகமாக ஏறும், ஏனென்றால் அது வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது. 1884-ல் போல்ட்ஸ்மன் இதைக் கோட்பாட்டு ரீதியாக நிரூபித்தார்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கதிர் வழியாக வரும் வெப்பத்துக்குக் காற்று தேவையில்லை. மார்கழி மாதம் காலையில் காற்று சில்லென்று இருக்கும், ஆனால் வெயிலில் போய் நின்றால் உடம்பு சுடும். சொக்கப்பனை கொளுத்தும்போது தள்ளி நின்றாலும் முகம் சுடும், முதுகு சுடாது. இன்ஃப்ராரெட் பேனலும் இப்படித்தான். அறையின் காற்றைச் சூடாக்க மெனக்கெடாமல் நேராக ஆளையும் நாற்காலியையும் தரையையும் சூடாக்குகிறது. கண்ணாடி அறையில் சூடான காற்று சந்து பொந்து வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே இது கைகொடுக்கிறது.

கண்ணாடி அறை ஏன் பகலில் அவ்வளவு சூடாகிறது? சூரிய ஒளியைக் கண்ணாடி உள்ளே விடும். உள்ளே சூடான பொருட்கள் வீசும் நீண்ட அலைக் கதிரை வெளியே விடாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவது இது. ஆனால் இது பாதிக் கதைதான். 1909-ல் ஆர்.டபிள்யூ.வுட் என்ற அமெரிக்கர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், இன்னொன்றை அகச்சிவப்புக் கதிரை வெளியே விடக்கூடிய பாறை உப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய காரணம் என்று இதிலிருந்து தெரிந்தது. ஆக, ஒரு வீடு வேகாமல் இருக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். கதிரை உள்ளே விடக்கூடாது, சூடான காற்று வெளியேற வழி இருக்க வேண்டும்.

இந்தியாவில் கண்ணாடியும் பனிக்கட்டியும்

வெள்ளைக்காரர்கள் கண்ணாடி வீட்டு ஆசையை இந்தியாவுக்கும் கொண்டு வந்தார்கள். ஊட்டியில் 1848-ல் வில்லியம் மக்ஐவர் பொறுப்பேற்று வளர்த்த தாவரவியல் பூங்காவில் கண்ணாடி மாளிகை இருக்கிறது. ஊட்டிக் குளிருக்கு அது பொருந்தும். பெங்களூர் லால்பாக்கில் 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துக் கட்டியது. அது செடிகளைச் சூடாக வைத்திருப்பதைவிட மலர்க் கண்காட்சி நடத்தத்தான் அதிகம் பயன்பட்டது. சமவெளியில் கண்ணாடி அறை கட்டி யாரும் வெயில் காய வேண்டிய அவசியம் இல்லையே!

சமவெளியில் விலைபோனது சூடு அல்ல, குளிர்ச்சி. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வந்து விற்றார் ஃபிரெடரிக் டியூடர். முதல் சரக்கு 1833-ல் கல்கத்தாவில் இறங்கியது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் ஒரு கட்டடம் கட்டினார்கள். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ்தான் அது. இயந்திரத்தில் ஐஸ் செய்யும் வித்தை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே இந்தியாவில் ஐஸ் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அலகாபாத்தில் நடந்ததை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியிருக்கிறார். குளிர்கால இரவில் திறந்த வெளியில் குழி வெட்டி, கரும்புச் சக்கையோ தட்டையோ பரப்பி, அதன்மேல் ஆழம் குறைந்த மண் சட்டிகளில் தண்ணீர் வைப்பார்கள். விடியற்காலையில் மேலே பனிக்கட்டி படிந்திருக்கும். அந்த இரவுகளில் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போக வேண்டும் என்பது கூட இல்லை. எப்படி? தெளிந்த இரவு வானம் மிகவும் குளிர்ந்தது. சட்டித் தண்ணீர் தன் வெப்பத்தைக் கதிராக வானத்தை நோக்கி வீசிவிட்டுத் தான் குளிர்ந்தது. ஆவியானதும் கொஞ்சம் உதவியது. ஹெர்ஷல் அகச்சிவப்புக் கதிரைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதை வைத்துப் பிழைப்பு நடத்தியிருக்கிறார்கள்!

புதுக்கோட்டை வெயிலின் கணக்கு

இனி நம்மூருக்கு வருவோம். புதுக்கோட்டை நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10.4 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை. டிசம்பர் மாத நண்பகலில் கூடச் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே டிசம்பரில் லண்டனில் நண்பகல் சூரியன் வெறும் 15 டிகிரிதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? லண்டனில் வெயில் பக்கவாட்டிலிருந்து வருகிறது, அதனால் தெற்குச் சுவர் கண்ணாடியாக இருந்தால் லாபம். புதுக்கோட்டையில் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்குகிறது, அதனால் இங்கே வீட்டின் விதியைத் தீர்மானிப்பது கூரை. சுவரில் விழும் வெயிலில் மோசமானது காலை, மாலை வெயில், அதுவும் கிழக்கு மேற்குச் சுவர்களில்தான். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊர். மழை அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றோடு. ஆறு என்று சொல்லிக்கொள்ள வற்றாத ஆறு கிடையாது. ஏரி, கண்மாய், ஊருணிதான் கதி.

வளவு எப்படி வேலை செய்தது?

செட்டிநாடு என்றதும் காரைக்குடிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நகரத்தார் ஊர்களில் ஒரு பங்கு அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தது. ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராமச்சந்திரபுரம், குழிபிறை, பனையப்பட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி, விராச்சிலை, வலையபட்டி, மேலைச்சிவபுரி என்று பட்டியல் நீளும். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது இந்த ஊர்களும் அதில் வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை இங்கே கட்டிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் திண்ணையும் முகப்பும். அடுத்து விசேஷங்கள் நடக்கும் வளவு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், ஓரமாக வரிசையாக அறைகள். அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, பந்தி போடும் இடம். கடைசியில் அடுப்படி, கிணறு. முன்வாசலில் நின்று பார்த்தால் நேர்க்கோட்டில் பின்வாசல் தெரியும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். குறுகலான பக்கங்கள்தான் காலை, மாலை வெயிலைப் பார்க்கும். நீளமான பக்கச் சுவர்களைப் பக்கத்து வீடு மறைத்துக்கொள்ளும்.

இதை வெப்பக் கணக்கில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

கூரை: ஓட்டுச் சாய்ப்பில் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு போட்டார்கள். அடுக்குக்கு நடுவே காற்று இருக்கும். மேல் ஓடு கொதித்தாலும் கீழ் ஓட்டுக்கு முழுச் சூடும் இறங்காது. மாடி வரும் இடத்தில் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த தளம், அதற்கும் மேலே தட்டோடு. கனமான கூரை. சூடு இறங்க நேரம் பிடிக்கும்.

சுவர்: கனமான செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பளிங்கு போல இழைத்தார்கள். பளபளப்பு ஊருக்குப் பெருமை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பியது என்பது அதில் மறைந்திருந்த லாபம்.

முற்றம்: பகலில் சூடான காற்று மேலே எழும்பி இதன் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப முன்வாசல், பின்வாசல் வழியாகக் காற்று வரும். வுட் பெட்டிக்குள் அடைத்துவைத்த காற்றை இங்கே திறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். வெயில் முற்றத்துத் தரையில்தான் விழும். ஆட்கள் இருப்பதோ தாழ்வார நிழலில். இரவில் கதை மாறும். முற்றத்துக் கல்லும் ஓடும் வானத்தைப் பார்த்துத் தங்கள் வெப்பத்தை வீசிவிட்டுக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் முற்றத்தில் இறங்கி அறைகளுக்குள் பரவும். அலகாபாத் மண் சட்டி செய்த அதே வேலைதான். புதுக்கோட்டைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவு குளிராது. மேகம் மூடிய இரவில் பலன் இன்னும் குறையும். ஆனாலும் விடிகாலையில் வளவுத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு அதன் சுகம் தெரியும்.

மழை பெய்தால் நாலு பக்கச் சாய்ப்புத் தண்ணீரும் முற்றத்தில் கொட்டும். அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். வெயில், காற்று, மழை மூன்றுக்கும் ஒரே ஓட்டை!

இந்த வீட்டில் கட்டும்போது செலவு பயங்கரமாக ஆகும். பிறகு குளிர்ச்சிக்கென்று தினசரிச் செலவு கிடையாது. சாட்ஸ்வொர்த்துக்கு நேர் எதிர்.

பணம் வந்த வழி, போன வழி

அந்தப் பெரிய செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. காடு வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அந்த வட்டிதான் பர்மாத் தேக்காகவும், இத்தாலிப் பளிங்காகவும், பெல்ஜியம் கண்ணாடியாகவும் கடல் தாண்டி வந்து தண்ணியில்லாத செம்மண் காட்டில் மாளிகையாக எழுந்தது. தரைக்கு மட்டும் பக்கத்திலேயே ஆத்தங்குடியில் கல் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் நிரப்பி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக்கும் கல்.

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1937-ல் 25 சதவீதமானது. நிலம் சேர்ந்தது, பகையும் சேர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்ததும் பலர் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். 1948-ல் பர்மா விடுதலை அடைந்த பிறகு வந்த நில தேசியமயமும், 1962-ல் தொடங்கிய ராணுவ ஆட்சியும் மிச்சத்தை முடித்தன.

வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்கு இப்போது பத்து, இருபது, முப்பது பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வாழ்வதற்கு வீட்டில் ஒரு ஆச்சியோ ஒரு காவல்காரரோ. ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் காசு போட வேண்டும். பலர் இடித்துவிட்டார்கள். தேக்குத் தூணும் கதவு நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து பெருநகரத்து ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் போயின. அங்கே அவை அலங்காரம். காற்றைக் கொண்டு வந்த முற்றத்தை மட்டும் யாரும் பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கடியாபட்டியில் ஒரு பழைய மாளிகை பாரம்பரிய ஓட்டலாகி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அறிவு என்பது காட்சிப் பொருளாக இருந்தால் போதுமா?

ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை மக்கள் எல்லோரும் வளவு வீட்டில் வாழவில்லை. பெரும்பாலோர் மண் சுவர் வைத்த கூரை வீட்டில்தான் வாழ்ந்தார்கள். தென்னங்கீற்றும் பனை ஓலையும் வேய்ந்த கூரை வெப்பத்தைத் தடுப்பதில் எந்த மாளிகைக்கும் சளைத்ததல்ல. ஆனால் ஒரு தீப்பொறி போதும், தெருவே எரிந்துவிடும். சில வருடத்துக்கு ஒரு முறை வேய வேண்டும். பாம்பு வரும், மழை ஒழுகும். அவற்றோடு மரியாதைப் பிரச்சினையும் இருக்கிறது. கூரை வீடு என்றால் ஏழை என்று ஊர் முத்திரை குத்தும்.

அதனால்தான் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் அரசுத் திட்டங்களுக்கு இவ்வளவு வரவேற்பு. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள், 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சிகள் மாறினாலும் கான்கிரீட் தளம் மாறவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்தபோது, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்தன. ஓடுகளும் கூரைகளும் பறந்தன. அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியது கான்கிரீட் தளம்தான். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் புயல் வருவது ஒரு நாள். வெயில் வருவது வருடத்தில் பல மாதம்.

ஒரு சின்னக் கணக்கு

பத்துக்குப் பத்து அறை. தளத்தின் பரப்பு சுமார் 9.3 சதுர மீட்டர். நாலைந்து அங்குல கான்கிரீட், பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. குடித்த சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதாவது, வெயில் தாழ்ந்து, வேலை முடிந்து, ஆட்கள் வீட்டுக்குள் வரும் நேரத்தில்தான் அது தன் வேலையைத் தொடங்குகிறது. அடிப்பக்கம் 45 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அறையின் மற்ற பரப்புகள் 30 டிகிரி. ஸ்டெஃபானின் விதிப்படி கணக்குப் போட்டால், தளத்திலிருந்து கீழே கொட்டும் நிகர வெப்பம் சுமார் 850 முதல் 950 வாட். கிட்டத்தட்ட ஒரு கிலோவாட்!

இங்கிலாந்தில் கண்ணாடி அறைக்கு விற்கும் இன்ஃப்ராரெட் பேனல்களின் திறனும் சில நூறு வாட்டிலிருந்து ஒரு கிலோவாட், அதற்குச் சற்று மேல் வரைதான். அவர்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டுவதை நாம் வீட்டோடு சேர்த்தே கட்டிக்கொண்டோம். மே மாதத்தில், இரவில், தொட்டிலுக்கு மேலே.

ஃபேன் போட்டால் போகாதா? போகாது. ஃபேன் காற்றைத்தான் அசைக்கும். கதிரை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் வேகமாக ஓடும் ஃபேனுக்குக் கீழேயும் மேலிருந்து ஏதோ இறங்குவது போல இருக்கிறது. ஏசி போடலாம். 1902-ல் அமெரிக்காவில் ஒரு அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரத்தின் பேரன் அது. ஆனால் அந்த ஏசி முதலில் அந்த ஒரு கிலோவாட் அடுப்போடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும், பிறகுதான் ஆளுக்குக் குளிர்ச்சி. ஒரே அறையில் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்து ஓட்டுவது போல. பில் மாதா மாதம் வரும். சாட்ஸ்வொர்த்தின் எட்டு பாய்லர்களுக்குத் தீனி போட்ட கதை, குளிர்ச்சி என்ற பெயரில் சின்ன அளவில் திரும்ப நடக்கிறது. ஏசி வாங்க முடியாதவர் என்ன செய்வார்? மொட்டை மாடியில் படுப்பார், அல்லது தூங்காமல் விடிந்ததும் வேலைக்குப் போவார். நூறு நாள் வேலைக்கோ, சித்தாள் வேலைக்கோ போகிறவருக்கு இரவுத் தூக்கம் கெடுவது சுகக்குறைவு மட்டுமல்ல, கூலிக் குறைவும்தான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றால் வெளியே வெயிலில் மயங்கி விழுவதுதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்குள்ளே, ராத்திரியில், மெதுவாக நடப்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

என்ன செய்யலாம்?

எல்லோரும் வளவு வீடு கட்ட முடியாது. பர்மா வட்டியும் இல்லை, தேக்கும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கணக்குக்குக் காசு கிடையாது.

வெயில் கூரையில் விழுகிறது என்றால் முதல் செலவைக் கூரையில் செய்ய வேண்டும். மொட்டை மாடிக்கு ஒவ்வொரு கோடைக்கு முன்பும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் விழும் வெயிலில் பெரும் பங்கு திரும்பிப் போகும். ஆச்சி காலத்துச் சுவர் செய்த வேலையைத் தளம் செய்யும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் போடலாம், அல்லது வெள்ளை ஓடு ஒட்டலாம். தளத்துக்கு மேல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டால் வெயில் தளத்தைத் தொடவே தொடாது. மாலையில் வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைக்கலாம். தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அரசு கட்டித் தரும் வீடுகளின் மதிப்பீட்டிலேயே ஒரு வெள்ளைப் பூச்சுக்கான தொகையைச் சேர்த்துவிட்டால், சுவரில் ஏசி மாட்ட முடியாத குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

சாட்ஸ்வொர்த்தின் கண்ணாடி வீடு உலகத்தையே வியக்க வைத்தது. எரிபொருள் நின்றதும் எண்பது வருடத்தில் இடிந்தது. ராயவரத்திலும் அரிமளத்திலும் ஆளே இல்லாத வீடுகள் இன்னும் உள்ளே குளுகுளுவென்று நிற்கின்றன, கரண்ட் பில் பூஜ்யம். வசதி என்பது எவ்வளவு எரிக்கிறோம் என்பதில் இல்லை, எவ்வளவு எரிக்காமல் சமாளிக்கிறோம் என்பதில் இருக்கிறது என்று அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் பெயர் எந்த முகப்பிலும் இல்லை.

இந்த வெயிலுக்கு முன்பு, உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் ஏறி நின்று பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கீழே யார் படுக்கப்போகிறார்கள் என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.